மலையில் தூக்கம் ஏன் கெடுகிறது?

உதகைக்கு வந்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பது சமவெளிக்காரர்களின் நம்பிக்கை. அதில் உண்மை இருக்கிறது. உடலின் உள்வெப்பம் இறங்கத் தொடங்கும்போதுதான் கண் சொக்கும். இரவுக்குள் அது ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். மே மாதத்து மதுரையில் இரவு பதினோரு மணிக்கும் சுவர் சூடாக இருக்கும்போது அந்த இறக்கம் தாமதமாகிறது. மலைக்குளிர் அதற்கு ஒத்தாசை செய்கிறது.

ஆனால் இங்கேயே வாழ்பவர்களிடம் பேசிப் பாருங்கள். ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தேன், விடிகிற நேரத்தில்தான் கண் அயர்ந்தது, எழுந்தால் உடம்பெல்லாம் அசதி என்ற பேச்சு படகர் ஊர்களான ஹட்டிகளிலும் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலும் டாக்ஸி ஸ்டாண்டிலும் சாதாரணமாகக் காதில் விழும். அதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு. ‘கவலையை விடு’ என்பது ஒன்று. மருந்துக் கடை மாத்திரை மற்றொன்று. இரண்டும் நோயைப் பார்க்காமலே சொல்லப்படும் பதில்கள். தூங்கும்போது தொண்டை அடைபட்டு மூச்சு நிற்பதாலும் தூக்கம் கெடும், இரும்புச்சத்து குறைந்து கால் குடைவதாலும் கெடும், இராவேலையாலும் கெடும், கெட்டுவிடுமோ என்ற பயத்தாலேயே கெடுவதும் உண்டு. இந்த நான்குக்கும் ஒரே மருந்து கிடையாது. முதல் வகைக்காரருக்குத் தூக்க மாத்திரை ஆபத்தானதும்கூட. தமக்கு எது என்று கண்டுபிடிப்பதே பாதி வைத்தியம். அந்தக் காரணங்களில் சிலவற்றுக்கு இந்த மலையின் உயரமும், இங்குள்ள வேலை நேரங்களும், நாம் தேநீர் குடிக்கும் வழக்கமும் உரம் போடுகின்றன.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது கூடக்கூடத் தூக்கம் அழுத்தும்; தூங்கும்போது அது குறையும். இதற்குத் தனியாக, இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு சிறு நரம்பணுத் திரள் உடல் முழுவதற்கும் நேரம் சொல்கிறது. இருட்டிய பிறகு மூளையிலுள்ள பினியல் சுரப்பி, தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரப்பது அதன் கட்டளைப்படிதான். அடினோசின் அழுத்தமும் இந்த உடற்கடிகாரமும் ஒன்றுசேரும் நேரத்தில்தான் நல்ல தூக்கம் அமைகிறது என்ற விளக்கத்தை 1982இல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்தார். உயிரணுக்களுக்குள் அந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கடிகாரத்தைத் தினமும் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் நாள்கணக்கில் சூரியன் முகம் காட்டாது. உதகையில் மதியமே விளக்கைப் போட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட நாளிலும் திறந்தவெளியில் ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கிறது. விளக்கு எரியும் அறைக்குள் அது பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் தாண்டுவதில்லை. மழை விட்ட நேரத்தில் வெளியே வந்து அரை மணி நேரம் நடப்பவருடைய கடிகாரத்துக்கும், காலை முழுவதும் அறைக்குள்ளேயே இருப்பவருடைய கடிகாரத்துக்கும் இதனால்தான் வேறுபாடு வருகிறது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி தேநீர். காஃபீன் தூக்கத்தைப் போக்குவதில்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடங்களை அடைத்துக்கொண்டு, தூக்கம் வந்திருப்பதை மூளைக்குத் தெரியாமல் செய்கிறது. குடித்த காஃபீனில் பாதி கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். கருவுற்ற பெண்களுக்கு இன்னும் அதிகம். மாலை ஐந்து மணிக் குளிருக்குக் குடித்த டீயில் பாதி, இரவு பத்து மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். தேயிலையை நம்பி வாழும் ஊரில் டீயைக் கைவிடச் சொல்வது என் நோக்கமில்லை. தூக்கம் வராதவர்கள் கடைசி டீயை மதியம் இரண்டு மணியோடு நிறுத்திப் பார்க்கலாம். மாலைக்குச் சுக்கு வெந்நீர் போதும்.

நீலகிரியில் தூக்கத்தைத் தின்னும் பெரிய காரணம் வேலை நேரம் என்பது என் எண்ணம். இதை நோய் என்ற கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. பறித்த பச்சைத் தேயிலை பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம் வரை வாட வேண்டும். அதன் பிறகே அரைப்பு, புளிப்பேற்றம், உலர்த்தல் எல்லாம். மாலையில் வந்து சேர்ந்த இலை விடியும்வரை காத்திருக்காது. இலை வரத்து மிகுந்த மாதங்களில் தொழிற்சாலை இரவெல்லாம் ஓடும். கேரட் தோட்டங்களில் நள்ளிரவு தாண்டியதுமே ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதுண்டு. பிடுங்கிக் கழுவிய மூட்டைகள் காலையில் மேட்டுப்பாளையம் மண்டியில் இருக்க வேண்டும். கோடை சீசனில் டாக்ஸி ஓட்டுநர்கள் வண்டியின் இருக்கையையே படுக்கையாக்கிக்கொள்கிறார்கள். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போகும் பெண், அதற்கு முன் சோறாக்கிப் பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். வீட்டில் கடைசியாகப் படுப்பவரும் முதலில் எழுபவரும் அவர்தான்.

ஓர் இரவின் தூக்கம் முழுவதும் ஒரே மாதிரியானது இல்லை. ஏறத்தாழ தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக அது வந்து வந்து போகிறது. உடல் தேறும் ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகம். நினைவுகளையும் மனக்கொதிப்பையும் ஆற்றி ஒழுங்கு செய்யும் கனவுத் தூக்கம் பின்னிரவில் அதிகம். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு எழுந்து தோட்டத்துக்குப் போகிறவர் வெறும் மூன்று மணி நேரத்தை மட்டும் இழக்கவில்லை. கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதியை இழக்கிறார். மதியம் படுத்தாலும் அது முழுமையாகத் திரும்பாது, ஏனென்றால் கடிகாரம் அப்போது விழிப்பைத் தூண்டிக்கொண்டிருக்கும். இராவேலை செய்பவர்களின் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிட ஒன்றிரண்டு மணி நேரமாவது குறைவதற்கும் இதுவே காரணம். உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இராவேலையைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதிசெய்தது.

இந்த இழப்பைத் தொழிலாளி மட்டும் ஈடுகட்ட முடியாது. மனிதக் கடிகாரத்தின் இயல்பான நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் தாமதமாகப் படுப்பது எளிது. முன்னதாகப் படுப்பது கடினம். காலை ஷிப்ட், பிறகு மாலை, பிறகு இரவு என்று முன்னோக்கி மாற்றினால் உடல் ஓரளவு ஒத்துப்போகும். இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கித் தள்ளினால் துன்பம் கூடும். ஷிப்ட் அட்டவணை எழுதும் மேலாளர் இதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டியதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர் படுக்கும் அறையின் ஜன்னலைக் கனமான துணியால் மறைப்பது, அந்த நேரத்தில் அவரைக் கடைக்கும் ரேஷனுக்கும் அனுப்பாமல் இருப்பது வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியவை.

ஓட்டுநர்கள் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. பதினேழு முதல் பத்தொன்பது மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடைய நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 2000இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 0.03 சதவீதம். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பதினோரு மணிக்குக் குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் ஓட்டுநர், ஒரு சொட்டுக் குடிக்காமலே அந்த வரம்பைத் தாண்டிய நிலையில் இருக்கிறார். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. ஓரமாக நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்மூடுவது உதவும். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் எழுந்துவிடலாம். பயணிகளும் அந்த இருபது நிமிடத்தைக் கொடுக்க வேண்டும்.

வேலை நேரம் சரியாக இருந்தும், படுக்க இடமும் நேரமும் இருந்தும் தூக்கம் வராமல் இருப்பதே தூக்கமின்மை நோய். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதத்துக்கு மேல் இப்படியே போனால் அதை நாட்பட்டது என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் இதை மூன்று அடுக்காகப் பார்த்தார்: இயல்பிலேயே இருக்கும் நாட்டம், தூண்டிவிடும் சம்பவம், பிறகு அதை நீடிக்கவைக்கும் பழக்கங்கள். கூடலூரிலும் பந்தலூரிலும் வாழைத்தோப்புக்குள் யானை வந்துவிட்டால் ஊரே விழித்துக்கொள்கிறது. தகரம் தட்டி, பட்டாசு வெடித்து விரட்டிவிட்டு வந்து படுத்தால் நெஞ்சு படபடப்பு அடங்காது. அது இயற்கையான விழிப்பு, நோயில்லை. யானை காட்டுக்குள் போய் மாதங்கள் ஆன பிறகும் சிறு சலசலப்புக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தால், தூண்டிய சம்பவம் போய்ப் பழக்கம் நிலைத்துவிட்டது என்று பொருள்.

அந்தப் பழக்கங்களில் மலைக்கே உரிய ஒன்று இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் வீட்டில் சூடான இடம் கம்பளிக்குள் மட்டும்தான். இரவு எட்டு மணிக்கே எல்லோரும் அதற்குள் போய்விடுகிறோம். சாப்பாடு, தொலைக்காட்சி, கைபேசி, வீட்டுக்கணக்கு எல்லாம் படுக்கையிலேயே. எட்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் படுக்கையில் கழிவது பத்து மணி நேரம். ஐம்பது வயதுக்காரருக்கு வரக்கூடிய தூக்கம் ஏழு மணி நேரம். மீதி மூன்று மணி நேரமும் விழித்துக் கிடந்தே தீர வேண்டும். படுக்கை என்றால் விழித்திருக்கும் இடம் என்று மூளை கற்றுக்கொள்வது இப்படித்தான். நன்றாகத் தூங்குகிறவர்கள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். ஏற்கெனவே தூக்கம் கலைந்தவர்களுக்கு இதுவே நோயை வளர்க்கும்.

இதற்கான சிகிச்சை மாத்திரையைவிட நீடித்துப் பலன் தருவது. அறிதல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இதுவே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. இதன் சாரம் எளிது, கடைப்பிடிப்பது கடினம். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்கைக்குப் போக வேண்டும். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையிலும். உதகைக் குளிரில் நள்ளிரவு கம்பளியை விலக்கி எழுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரிந்ததே. அதனால் படுக்கும் முன்பே ஒரு நாற்காலியில் சால்வையும் காலுறையும் குல்லாவும் எடுத்து வைத்துவிடுங்கள். பிளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும். ஏற்பாடு இல்லாவிட்டால் எழ மாட்டோம்.

இன்னொரு பகுதி படுக்கை நேரத்தைக் குறைப்பது. இரண்டு வாரம் குறிப்பு எழுதி, உண்மையில் ஆறு மணி நேரம்தான் தூங்குகிறோம் என்று தெரிந்தால், படுக்கையில் இருக்கும் நேரத்தையும் ஆறு மணி நேரமாக்குவது. பதினோரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுவது. முதல் வாரம் துன்பமாக இருக்கும். சேர்ந்த தூக்க அழுத்தம் பிறகு உடைந்த தூக்கத்தை ஒட்டவைக்கும். படுத்த நேரத்தில் பெரும்பகுதி தூங்கியே கழிகிறது என்ற நிலை வந்ததும் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்களும் தொழில்முறை ஓட்டுநர்களும் மருத்துவர் துணையில்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு வந்து, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை முட்டிக்கொண்டு வந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அடுத்தது குறட்டை. அசந்து தூங்குவதன் அடையாளம் என்று இதை நினைக்கும் வீடுகள் இன்னும் ஏராளம். குறட்டை ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. திடீரென்று நின்று, சில நொடிகள் நிசப்தமாகி, பிறகு திணறலோடு மறுபடி தொடங்கினால் அது தூக்க மூச்சடைப்பு. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. ரத்தத்தில் பிராணவாயு இறங்கியதும் மூளை பதறி எழுப்புகிறது; அந்த விழிப்பு தூங்குபவருக்கு நினைவிருப்பதில்லை. பத்து நொடிக்குக் குறையாத இத்தகைய தடங்கல்கள் மணிக்கு ஐந்துக்கு மேல் வந்தால் நோய். முப்பதைத் தொட்டால் தீவிரம். எட்டு மணி நேரம் படுத்தும் காலையில் தலைவலியும் வாய் உலர்வும், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதும், பஸ்ஸில் உட்கார்ந்ததுமே தலை சாய்வதும் இதன் அறிகுறிகள். மூன்று மாத்திரை போட்டும் அடங்காத ரத்த அழுத்தத்துக்குப் பின்னால் இது ஒளிந்திருப்பதுண்டு. பருமனும் தடித்த கழுத்தும் காரணம்தான். ஆனால் தாடை அமைப்பு காரணமாக, அவ்வளவு பருமனில்லாத நம்மவர்களுக்கும் வருகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும், தைராய்டு குறைந்தவர்களுக்கும் வரும். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடும் குழந்தைக்கு மூக்குக்குப் பின்னாலுள்ள சதையோ டான்சிலோ வீங்கியிருக்கலாம். வகுப்பில் கவனமில்லை என்று அந்தக் குழந்தையை அடிப்பதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இங்கேதான் மலையின் உயரம் குறுக்கே வருகிறது. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குதான். பிராணவாயு குறைவதால் உடல் வேகமாக மூச்சு வாங்குகிறது. அப்போது கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. மூச்சு விடச் சொல்லி மூளையைத் தூண்டுவதே கரியமிலவாயு என்பதால், தூக்கத்தில் சில நொடிகள் அந்தத் தூண்டுதல் நின்றுபோகும். பிறகு மறுபடி வேகமூச்சு. இது முழு அளவில் தெரிவது 2,500 மீட்டருக்கு மேல்தான். ஆனால் ஏற்கெனவே மூச்சடைப்பு உள்ள சமவெளிவாசிகளை 1,860 மீட்டரிலும் 2,590 மீட்டரிலும் தங்கவைத்துச் சுவிட்சர்லாந்தில் சோதித்தபோது, தாழ்ந்த உயரத்திலேயே தடங்கல்கள் கூடிவிட்டன. 1,860 மீட்டர் என்பது கிட்டத்தட்ட நம் குன்னூரின் உயரம். ஆரோக்கியமானவர்களுக்கு முதல் சில இரவுகள் தூக்கம் துண்டுபட்டுப் பிறகு பழகிவிடும். மூச்சடைப்புக்கு இயந்திரம் வைத்துக்கொண்டு தூங்குபவர்கள் இரண்டு நாள்தானே என்று அதை வீட்டில் விட்டுவிட்டு மலையேறக் கூடாது. அந்த இயந்திரம், முகக்கவசம் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்வது, 1981இல் ஆஸ்திரேலியாவில் காலின் சலிவன் உருவாக்கியது. இன்றும் முதன்மையான சிகிச்சை அதுதான். எடை குறைப்பதும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும் இலேசான நிலையில் நன்கு உதவும்.

மருத்துவர்களும்கூடப் பலமுறை தவறவிடும் நோய் ஒன்றைப் பற்றி அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன்: கால் குடைச்சல். சரிவில் நாள் முழுக்க நின்று இலை பறித்த காலில் வலி இருக்கத்தான் செய்யும். அது ஓய்வெடுத்தால் குறையும். இது நேர்மாறு. படுத்தால்தான் தொடங்கும். காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல, இழுப்பதுபோல, அசைத்தே ஆக வேண்டும் என்ற தாங்க முடியாத உந்துதல். எழுந்து நடந்தால் உடனே தணியும், படுத்தால் திரும்பும். மாலையிலும் முன்னிரவிலும் அதிகம். 1672இலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்திருக்கிறார். மூளையில் இரும்புச்சத்து குறைந்து, அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமின் முறைகேடாவதே பெரும்பாலும் காரணம். கருவுற்ற காலத்திலும் சிறுநீரக நோயிலும் அதிகமாக வரும். சளிக்குப் போடும் தூக்கம் தரும் மாத்திரைகளும் சில மனச்சோர்வு மருந்துகளும் இதைக் கிளறிவிடும்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. இதோடு நம் தேநீர் வழக்கத்தைச் சேர்த்துப் பாருங்கள். காலைப் பலகாரத்தோடு ஒரு டீ, மதியச் சோற்றுக்கு மேல் ஒரு டீ. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் ராகியிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் உறிஞ்சுவதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக்கூடியவை. அதே டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடித்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் உறிஞ்சுவது கூடும். செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தைத் தோட்டத்துச் சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் எழுதி ஒட்டலாம். கால் குடைச்சல் உள்ளவர்கள் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. அது சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை அதைக் காட்டும். லிட்டருக்கு 75 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால், கால் குடைச்சலுக்கு இரும்பு கொடுத்துப் பார்ப்பது வழக்கம். தூக்க மாத்திரை தேடிப் போன பெண்ணுக்குத் தேவைப்பட்டது இரும்பு மாத்திரையாக இருந்திருக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விழித்தும் கை கால் அசையாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் திணறுவதை அமுக்குவான் பேய் என்பார்கள். கனவுத் தூக்கத்தில் உடல் தசைகள் செயலிழந்திருப்பது இயல்பு. அந்த நிலை விலகும் முன்பே விழிப்பு வந்துவிடுவதுதான் இது. தூக்கம் குறைந்த நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும். உடலுக்குத் தீங்கில்லை. குழந்தைகள் தூக்கத்தில் நடப்பதும் பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். கதவைத் தாழிட்டு, மெல்லத் திருப்பி அழைத்து வந்து படுக்கவைத்தால் போதும். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் கனவில் கத்தி, குத்தி, உதைக்கத் தொடங்கினால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்க்கின்சன் போன்ற நோய்க்குப் பல ஆண்டுகள் முந்தைய அறிகுறியாக அது இருக்கக்கூடும்.

குளிருக்கு இதமாக, தூக்கத்துக்குத் துணையாக என்று சொல்லி இரவில் மது குடிப்பது மலையில் பரவலான பழக்கம். மது சீக்கிரம் கண்ணயரவைக்கும் என்பது உண்மை. அதன் போதை இறங்கும் பின்னிரவில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சடைப்பைக் கூட்டும். தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உடல் சூட்டை வெளியே விட்டுவிடும். தூக்கத்துக்காகப் போடும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அட்டவணையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. சில வாரங்களிலேயே உடல் பழகி அதிக அளவு கேட்கும். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். முதியவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள். பல மாதமாகச் சாப்பிட்டு வருகிறவர்கள் தாமாக நிறுத்தாமல், மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமாகச் சொல்ல வேண்டியது கரியடுப்பு. குளிர் தாங்காமல் அடுப்புக்கரியைத் தட்டில் போட்டு, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகள் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வந்திருக்கின்றன. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது. புகையில்லாத தணல் என்றால் பயமில்லை என்று எண்ணுவது தவறு. தணலை அறைக்குள் வைத்துக்கொண்டு யாரும் படுக்கக் கூடாது. விடுதி நடத்துபவர்கள் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. சூடு வேண்டும் என்றால் கால்களைச் சூடாக்குங்கள். பாதங்கள் சூடாக இருப்பவர்களுக்கே விரைவில் தூக்கம் வருகிறது என்று 1999இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் கண்டார்கள். பாதத்தின் ரத்தக் குழாய்கள் விரிந்தால்தான் உள்வெப்பம் வெளியேறி இறங்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் கால்களை வைத்திருந்து, துடைத்து, கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளலாம். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் நீரின் சூட்டைப் பிறர் கையால் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது ‘தூக்கம் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவரும் மாத்திரைதான் எழுதுவார். புறநோயாளிகள் கூட்டத்தில் அவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். படுத்த நேரம், தூங்கிய உத்தேச நேரம், எழுந்த நேரம், குடித்த டீ, போட்ட மருந்து ஆகியவற்றை இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். பக்கத்தில் படுப்பவரையும் அழைத்துப் போங்கள். மூச்சு நின்றதையும் கால் உதறியதையும் பார்த்தவர் அவர்தான். குறட்டையைக் கைபேசியில் பதிவுசெய்து காட்டலாம். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை இரவிலிருந்து காலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம். மூச்சடைப்பு இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், இரவு முழுவதும் மூச்சையும் பிராணவாயுவையும் மூளை அலைகளையும் பதிவுசெய்யும் தூக்க ஆய்வு தேவைப்படும். கோயம்புத்தூரின் பெரிய மருத்துவமனைகளில் அது கிடைக்கிறது. விரலிலும் மூக்கிலும் சிறு கருவி மாட்டி வீட்டிலேயே செய்யும் எளிய வகையும் உண்டு. மலையில் வசிப்பவர் முடிந்தால் அந்த எளிய ஆய்வைத் தம் வீட்டிலேயே செய்துகொள்வது நல்லது. சமவெளியில் ஓர் இரவு எடுத்த அளவு, அவர் தினமும் தூங்கும் உயரத்தில் நடப்பதைக் குறைத்துக் காட்டக்கூடும்.